பெருங்கெளுத்தி வளர்ப்பு: ராதாபுரம் வட்டாரத்தை முன்வைத்து

முழு வளர்ச்சியில் ஒரு மீட்டர் நீளத்தை எட்டுகிற, பிற மீன்களை உயிரோடு முழுதாக விழுங்கி வாழ்கிற நன்னீர்க் கெளுத்தி இனங்களை வீட்டுத் தொட்டியில் வைத்துப் பேணுவதே பெருங்கெளுத்தி வளர்ப்பு. சென்னை கொளத்தூரிலிருந்து தமிழகத்தின் சிற்றூர்க் கடைகள்வரை செல்லும் வண்ணமீன் வணிகத்தில் இவ்வினங்கள் விரல்நீளக் குஞ்சுகளாக விற்பனையாகின்றன. அவற்றில் அதிகம் விரும்பப்படுவது, கடைக்காரர்கள் 'ரெட் டெயில்' என்று சொல்லும் செவ்வால் கெளுத்தி. அறிவியலில் ஃபிராக்டோசெபாலஸ் ஹெமியோலியோப்டெரஸ் எனப் பெயர் பெற்ற இது, தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ, எஸ்ஸெகிபோ ஆறுகளுக்கு உரியது. கரிய முதுகு, வெண்ணிற விலா, செந்நிற வால் என்று குஞ்சிலேயே கண்ணைப் பறிக்கும். அதே கண்டத்தைச் சேர்ந்த, தட்டையான நீள்மூக்கும் கருவரிகளும் கொண்ட 'டைகர் ஷவல்நோஸ்' அடுத்தது. மீகாங், சாவோ பிரயா ஆறுகளிலிருந்து வந்து இந்தியாவில் உணவுமீனாகவும் பண்ணைகளில் வளர்க்கப்படும் பங்காசியஸ், தொட்டிக் கடைகளில் 'ஷார்க்' என்ற பெயரில் கிடைக்கிறது. அது கலப்புணவு உண்பது, கொன்றுண்ணி என்று முழுமையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 1.3 மீட்டர்வரை வளர்வதால் வளர்ப்பவர் சந்திக்கும் சிக்கல்கள் ஒன்றே. நம் நாட்டுக்கே உரிய வாளை, இந்தியத் துணைக்கண்டத்தின் ஆறுகளிலும் பெருங்குளங்களிலும் வாழ்வது. ஒரு மீட்டரைத் தாண்டக்கூடிய இந்த மீன், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது.

இத்தகைய மீனை வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்குக் கடைகளிலும் வளர்ப்போர் வட்டத்திலும் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் தீவனம், ஃபில்டர், தொட்டியின் நீளம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. இவை முக்கியமானவையே. ஆனால் இவற்றுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மீன் தொட்டியை மீறி வளர்ந்துவிட்ட நாளில் அது எங்கே போகும்? செவ்வால் கெளுத்தி நன்றாக இரை பெற்றால் ஒரே ஆண்டில் ஓரடியைத் தாண்டிவிடும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். எனவே தொட்டியை மீறும் நாள் வருவது உறுதி, அது விரைவிலேயே வருவதும் உறுதி. குளமும் கால்வாயும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் திருநெல்வேலிச் சீமையில், அதிலும் தண்ணீரை எண்ணிச் செலவிடும் ராதாபுரம் வட்டத்தில், இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இல்லாதவர் பெருங்கெளுத்தியை வாங்கக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான காரணங்கள் மீனின் உடலிலிருந்தும், நீரின் வேதியியலிலிருந்தும், இந்நிலத்தின் நீர்ப்போக்கிலிருந்தும் வருகின்றன.

முதலில் இடம். வீடுகளில் பெரிய தொட்டி என்று கருதப்படுவது நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால் அதில் ஏறத்தாழ 255 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் அகலம் 45 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள, தலை அகன்று உடல் தடித்த மீன் அதற்குள் உடலை வளைத்துத் திரும்பவே முடியாது. மீன் தடையின்றித் திரும்ப வேண்டுமானால் தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். சில உடல்நீளமாவது நேராக நீந்த வேண்டுமானால் தொட்டியின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்காவது வேண்டும். 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 4,500 லிட்டர் ஆகிறது, அதாவது நாலரை டன் தண்ணீர். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் ஆயிரம் கிலோ எடையை ஏற்றுகிறது. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மட்டுமே. நான்கடித் தொட்டியும் அதன் சிறு அடிப்பரப்பில் இந்த அளவைத் தாண்டவே செய்கிறது, ஆனால் மொத்த எடை குறைவென்பதாலும் சுவரோரம் வைப்பதாலும் தளம் தாங்கிக்கொள்கிறது. நாலரைச் சதுர மீட்டர் பரப்பில் ஐந்து மடங்குச் சுமை என்பது அப்படித் தாங்கக்கூடியதன்று. மாடி வீட்டில் முழு வளர்ச்சியடைந்த பெருங்கெளுத்திக்கு இடமில்லை என்பதைக் கட்டடப் பொறியியலே முடிவு செய்துவிடுகிறது. தரைத்தளம் மட்டுமே மிஞ்சுகிறது, அங்கும் கண்ணாடியைவிட சிமெண்ட் தொட்டிதான் பொருந்தும்.

இடத்தைவிடக் கண்டிப்பான கணக்கு கழிவினுடையது. மீன் உண்ணும் புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாக வெளியேறுகிறது. ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பத்துக் கிலோ எடையுள்ள மீனுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் உலர்தீவனம் போடுவதாகக் கொள்வோம். அதில் 40 விழுக்காடு புரதம் என்றால் நைட்ரஜன் 6.4 கிராம். அதில் அறுபது விழுக்காடு நீரில் கரைந்தால் ஏறத்தாழ 3.8 கிராம். 255 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 15 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனாகும், அது மீனைக் கொல்லும் அளவு. 4,500 லிட்டரில் அதே வேளை உணவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே ஏற்றும், ஃபில்டர் அதைச் சமாளிக்கும். அமோனியாவின் நச்சுத்தன்மை நீரின் காரத்தன்மையோடு கூடுகிறது. பிஹெச் 7-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு நச்சு வடிவ அமோனியா பிஹெச் 8-இல் இருக்கும். கடினமான, காரம் மிகுந்த கிணற்றுநீரை நம்பும் வீடுகளில் பிழைக்கு விட்டுக்கொடுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகிவிடுகிறது. வெப்பமும் மீனுக்கு எதிராகவே நிற்கிறது: 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. மீனின் ஆக்சிஜன் தேவையோ வெப்பத்தோடு ஏறுகிறது. சித்திரை வெயிலில் மின்சாரம் சில மணி நேரம் நின்றால் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் ஒன்றாக ஓய்ந்துவிடும். பங்காசியஸ் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். செவ்வால் கெளுத்திக்கு அந்தத் திறன் இல்லை. இன்வெர்ட்டர் இணைப்பு இம்மீனுக்கு ஆடம்பரம் ஆகாது.

நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றித்தான் குறைக்க வேண்டும். வாரம் மூன்று வேளை மேற்சொன்ன அளவு தீவனம் போட்டால் 4,500 லிட்டரில் வாரத்துக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். வாரந்தோறும் முப்பது விழுக்காடு நீரை மாற்றினால் அது 40 மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே நிலைகொள்ளும், வளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் எல்லையும் அதுதான். முப்பது விழுக்காடு என்பது 1,350 லிட்டர். நாளொன்றுக்குப் பிரித்தால் 193 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு வழங்க வேண்டுமெனக் கொண்டிருக்கும் அளவு 55 லிட்டர். மூன்று பேருக்கு மேற்பட்ட குடும்பத்தின் தண்ணீரை ஒரு மீன் கேட்கிறது. ராதாபுரம் வட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், கடலோரத்தை ஒட்டிக் கிடப்பது. காற்றாலைகளும் பனையும் முருங்கையும் செம்மண் தேரியுமாக விரியும் இந்நிலத்தில், வடகிழக்குப் பருவமழை தவறிய ஆண்டுகளில் கிணறுகள் வற்றுவதும் கடலோரக் கிணறுகள் உவர்ப்பதும் வாழ்க்கையின் பகுதி. தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீரைப் பல ஊர்கள் எதிர்பார்த்திருக்கின்றன. குடிநீரென்று கொண்டுவரப்படும் தண்ணீரில் 4,500 லிட்டர் தொட்டியை நடத்துவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. தொட்டியிலிருந்து வெளியேற்றப்படும் நீர் வீணாவதில்லை, நைட்ரேட் நிறைந்த அந்நீர் வாழைக்கும் தென்னைக்கும் முருங்கைக்கும் உரநீர் என்பார்கள். உண்மைதான். தோட்டத்துக்கு எப்படியும் இறைக்கும் கிணற்றுநீரை முதலில் மீன்தொட்டிக்குள் விட்டு, பிறகு பாத்திக்குத் திருப்பினால் மீனுக்கென்று தனியாகச் செலவாகும் தண்ணீர் ஆவியாகிப்போகும் பங்கு மட்டுமே. உப்போ மருந்தோ கலந்த நாட்களில் மட்டும் அந்நீரைப் பயிருக்கு விடக்கூடாது. சொந்தக் கிணறும் தோட்டமும் உள்ளவருக்கு இந்த மறுப்பு நீர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்த்தெருவில் குழாய்நீரை நம்பி வாழ்பவருக்கு இது பொருந்தாது. வாங்குவோரில் மிகப் பலர் இரண்டாம் வகையினர்.

தொட்டியின் அளவுக்கேற்பவே மீன் வளரும், சிறு தொட்டியில் வைத்தால் சிறிதாகவே நின்றுவிடும் என்ற நம்பிக்கை கடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. சிறு தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் கழிவு தேங்கிய நீரும், நீந்த இடமின்மையும், அரைப்பட்டினியுமே. முதுகெலும்பு வளைந்து, துடுப்புகள் தேய்ந்து, மீசைகள் அரித்துப் போய், இயல்பான ஆயுளில் சிறு பகுதியை மட்டும் வாழ்ந்து சாகும் மீனைப் பார்த்துத்தான் 'சிறிதாகவே இருந்துவிட்டது' என்கிறார்கள். கெளுத்தி பகலெல்லாம் அடியில் அசையாமல் கிடப்பதுதானே, அதற்கெதற்கு அவ்வளவு இடம் என்பது இன்னொரு வாதம். பகலில் கிடப்பது இரவில் வேட்டையாடுவதற்காக. மீசைகளிலும் தோல் முழுவதிலும் பரவிய சுவையரும்புகளாலும், இரையின் உடலிலிருந்து கசியும் நுண்மின்புலத்தை உணரும் குழிகளாலும், நீச்சல்பையோடு செவியை இணைக்கும் சிற்றெலும்புகளாலும் இருட்டில் உலகை அறியும் உயிர் அது. விளக்கணைத்த பிறகு அதன் நடமாட்டத்தைக் காணாதவர்களே அதைச் சோம்பேறி என்கிறார்கள். அப்படியே அது அசையாமல் கிடந்தாலும் கழிவின் கணக்கு மாறுவதில்லை. அமோனியா மீனின் நீச்சலை ஒட்டிக் கூடிக் குறைவதைவிட அது உண்ட புரதத்தை ஒட்டியே கூடுகிறது.

இனி, வெளியேறும் வழி. திருநெல்வேலி மாவட்டத்தின் நீர்ப்போக்கை அறியாமல் இதைப் பேச முடியாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் நீளமே உடையது. அதற்குள் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாய் ஒரு குளத்தை நிரப்ப, அது மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்ப, இப்படியே சங்கிலி நீள்கிறது. ராதாபுரம் வட்டத்துக்குரிய ஆறுகள் நம்பியாறும் அனுமன் நதியும். அவற்றோடு, குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் நிலப்பாறையில் பிரிந்து ராதாபுரம் கால்வாய் வழியாக 52 குளங்களுக்கு வருகிறது. 17,000 ஏக்கர் பாசனம் அதை நம்பியிருக்கிறது. மேற்கு நோக்கி அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய கோதையாற்று நீர் இப்படிக் கிழக்கே வருகிறது. 2009-இல் தொடங்கி 2025-இல் பயன்பாட்டுக்கு வந்த தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம், சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாயால் கன்னடியன் கால்வாயிலிருந்து வறண்ட நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கங்களுக்கு உபரிநீரைக் கொண்டுசெல்கிறது. உழவர்கள் தலைமுறைகளாகக் கேட்டுப் பெற்ற நீர் அது. அந்த நீர்வழி மீனுக்கும் வழிதான். முன்பு தனித்தனியாக இருந்த வடிநிலங்கள் இன்று தொடர்புற்றுவிட்டன, ஓரிடத்தில் விடப்பட்ட மீன் எட்டக்கூடிய எல்லை பல மடங்கு விரிந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தென்மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன, கரைகள் கரைந்தன, தெருவும் குளமும் ஒரே நீர்ப்பரப்பாயின. அத்தகைய நாளில் வீட்டு முற்றத்துச் சிமெண்ட் தொட்டியும் ஆற்றின் பகுதியாகிவிடும்.

தொட்டிமீன் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு அப்பாலே சான்று இருக்கிறது. கேரள நீர்நிலைகளில் வளர்ப்புத் தொட்டி மீன்கள் பரவிவருவதை 2009-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் சக்கர் மீன், அதுவும் ஒரு தென் அமெரிக்கக் கெளுத்தி, திருவனந்தபுரம் நகர நீர்வழிகளில் இனம்பெருக்கி நிலைத்துவிட்டது. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கின. எவரும் அவற்றை ஆற்றுக்கென்று வாங்கவில்லை, வெள்ளம் எடுத்துச்சென்றது. ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பண்ணை வளர்ப்புக்காகக் கொண்டுவந்தவர்கள் அது ஆறுகளில் பரவும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 2000-இல் இந்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது, அதற்குள் அது நாடெங்கும் பரவிவிட்டது. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்திலிருந்து அதை அகற்ற வனத்துறை பெரும்பாடு பட்டிருக்கிறது. ராதாபுரத்தின் அண்டை வட்டமான நாங்குநேரியில் 1994-இல் சரணாலயமாக்கப்பட்டு 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற கூந்தன்குளம் இருக்கிறது. மணிமுத்தாற்று நீரை எதிர்பார்க்கும் குளம் அது. பரத்பூரில் நடந்தது அங்கே நடக்காது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஒன்றிரண்டு மீன் குளத்தில் விழுந்தால் இனம்பெருக்கிவிடுமா என்று கேட்பார்கள். செவ்வால் கெளுத்தியைப் பொறுத்தவரை பெரும்பாலும் பெருக்காது என்பதே நேர்மையான விடை. அது பேராறுகளின் உயிர், வளர்ப்பிலேயே ஹார்மோன் ஊசியில்லாமல் அரிதாகவே முட்டையிடுவது. ஆனால் எல்லா இனத்துக்கும் இந்த ஆறுதல் கிடையாது. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றில் ஐரோப்பிய வெல்ஸ் கெளுத்தியின் குஞ்சுகள் 1974-இல் தூண்டில் விளையாட்டுக்காக விடப்பட்டன. இன்று இரண்டு மீட்டரைத் தாண்டிய வெல்ஸ் கெளுத்திகள் அந்த ஆற்றின் தலையாய கொன்றுண்ணிகள். இனம்பெருக்காத மீனும் இரை தின்னாமல் இருப்பதில்லை, ஒட்டுண்ணிகளைச் சுமக்காமலும் இருப்பதில்லை. தாமிரபரணியின் பெயரையே அறிவியற்பெயரில் தாங்கிய கெண்டை ஒன்று உண்டு: 1954-இல் ஈ. ஜி. சைலஸ் விவரித்த டாகின்சியா தாம்பிரபர்ணியி. உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பை நெருங்கிய அந்த மீன் ஒரு பெருங்கெளுத்தியின் வாய்க்குள் எளிதில் அடங்கும். களக்காட்டின் பெயர் கொண்ட கல்நக்கி மீனும், இவ்வாற்றின் பெயரேற்ற அயிரை இனமும் அப்படியே.

ராதாபுரம் பக்கத்தில் கேட்கக்கூடிய மறுப்பு வேறொன்று: எங்கள் குளங்கள் கோடையில் வெடித்துக் கிடப்பவை, அந்நிய மீன் எப்படிப் பிழைக்கும்? குளம் வற்றினால் செவ்வால் கெளுத்தி சாகும் என்பது சரிதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி சாகாது, செவுளுக்கு மேலுள்ள உறுப்பால் காற்றைச் சுவாசித்துச் சேற்றுக்குள் காலம் தள்ளும். வற்றாத அணைத் தேக்கங்களும் அணைக்கட்டு மடுக்களும் ஆற்றில் இருக்கவே இருக்கின்றன. வற்றும் குளத்திலும், நீர் நின்ற அந்தச் சில மாதங்களில் நடப்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மீன்பாசி குத்தகை எடுத்தவர் கடன் வாங்கிக் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டிருப்பார். அந்தக் குஞ்சுகளே விடப்பட்ட பெருங்கெளுத்தியின் முதல் இரை. அப்படித் தின்று வளர்ந்த மீன், பங்குனியில் முழங்காலளவு சுடுநீரில் மூச்சுத்திணறிச் சாகிறது. குத்தகைதாரருக்கும் கேடு, மீனுக்கும் கேடு.

இதை விரிவாகச் சொல்லக் காரணம், பெரும்பாலோர் மீனைக் கெட்ட எண்ணத்தில் வெளியே விடுவதில்லை. கொல்ல மனம் வராததால் விடுகிறார்கள். பாபநாசம் படித்துறையிலும் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவில் ஆற்றிலும் மீனுக்குப் பொரி போடுவதைப் புண்ணியமாகக் கருதும் மக்கள், தொட்டியில் இடம் போதாத மீனைத் தெப்பக்குளத்தில் விடுவதையும் அதே கருணையின் நீட்சியாகவே நினைக்கிறார்கள். அந்தக் கருணை மதிக்கத்தக்கது. அதைச் சரியான இடத்தில் செலுத்த வேண்டும், அந்த இடம் மீன் வாங்கும் கடையின் வாசல். சட்டம் இங்கே பேருதவி செய்யும் நிலையில் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், ஊடுருவும் அந்நிய இனங்களின் இறக்குமதியையும் உடைமையையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு 62-அ பிரிவின் மூலம் அளித்திருக்கிறது. உலகளாவிய வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களைப் பதிவு செய்யும் விதிகளும் 2024-இல் வந்தன. அரபைமா அப்பட்டியலில் உண்டு, செவ்வால் கெளுத்தி இல்லை. ஒரு மீன் எவ்வளவு வளரும் என்பதைக் கடைக்காரர் எழுதி ஒட்ட வேண்டும் என்ற எளிய கட்டாயம் இருந்தாலே விற்பனையில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

ஏற்கெனவே வீட்டில் பெருங்கெளுத்தி இருப்பவருக்குச் சொல்ல வேண்டியவை வேறு. தரைத்தளத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், சுவரை உயர்த்திக் கட்டிய சிமெண்ட் தொட்டி, மேலே ஓலைப் பந்தல், எடை வைத்துக் கட்டிய வலைமூடி ஆகியவை வேண்டும். பெருங்கெளுத்தி துள்ளினால் லேசான மூடி நிற்காது. புதுச் சிமெண்டின் காரம் இறங்கும்வரை தண்ணீரை நிரப்பியும் வடித்தும் சில வாரங்கள் பதப்படுத்த வேண்டும். கூழாங்கல், ரப்பர் உறிஞ்சி, கண்ணாடி ஹீட்டர் போன்றவற்றை உள்ளே வைக்கக்கூடாது. இரையோடு சேர்த்து எதையும் விழுங்கிவிடும் வாய் அது, இந்த வெயிலுக்கு ஹீட்டரும் தேவையில்லை. குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றூட்டிய பிறகே விடலாம். செதிலற்ற தோல் என்பதால் செம்புச் சேர்மங்களையும் ஃபார்மலினையும் வழக்கமான அளவில் இம்மீன் தாங்காது, மருந்தை ஐயத்தோடு அணுக வேண்டும். உயிருள்ள பொன்மீனை இரையாகப் போடும் பழக்கம் கைவிடத்தக்கது: அதன் உடலிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது, நோயும் அதன்வழியே வந்து சேர்கிறது. மூழ்கும் தீவனம், தோலுரித்த இறால், திலாப்பியாத் துண்டு, மண்புழு போதும். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம், கொழுப்பேறிய கல்லீரலே இம்மீன்களை வளர்ப்பில் அதிகம் வாட்டுகிறது. இடம் மாற்றும்போது வலையில் அள்ளினால் விலாமுள் வலையில் மாட்டி மீனும் கிழியும், பிடிப்பவர் கையும் கிழியும். கெளுத்தி முள்ளின் கடுப்பை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீரோடு சேர்த்துப் பெரிய தொட்டியாலோ கனத்த தார்ப்பாயாலோ தூக்குவதே முறை.

இடம் தர இயலாத நிலை வந்தால் செய்யக்கூடியவை சில. பெரிய குளத்தொட்டி வைத்திருக்கும் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுக்கலாம். காட்சியகங்கள் எல்லாப் பெருமீனையும் ஏற்பதில்லை, கேட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி தொலைவில் இல்லை, அங்கே ஆலோசனை பெறலாம். பங்காசியஸ் உணவுமீன் என்பதால் மருந்து எதுவும் காட்டாதிருந்தால் சமையலுக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. மாலகைட் பச்சை போன்ற சாயமருந்து ஒருமுறை பட்டிருந்தாலும் உண்ணக்கூடாது. வேறு வழியே இல்லாதபோது கால்நடை மருத்துவரின் துணையோடு கிராம்பு எண்ணெயை மிகையளவில் நீரில் கலந்து மயக்கிச் சாகவிடுவது, வற்றும் குளத்தில் விடுவதைவிடக் கருணையானது. எழுதுவதற்கே மனம் கனக்கிற இந்த வரியை வாங்குமுன் ஒருவர் படித்துவிட்டால், இதைச் செய்ய வேண்டிய நாளே வராமல் போகலாம்.

கெளுத்தியின் அழகில் மனம் பறிகொடுத்தவர் அதைத் துறக்க வேண்டியதும் இல்லை. நம் குளங்களின் நாட்டுக் கெளுத்திகள், மிஸ்டஸ் பேரினத்தின் சிற்றினங்கள், பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்குபவை. மிஸ்டஸ் விட்டாட்டஸ் அதிகபட்சம் 20 சென்டிமீட்டர் அளவு. அதே மீசை, அதே இரவு வேட்டை. கையில் எடுத்தால் விலாமுள்ளை மூட்டில் உரசி 'கிர்' என்று ஒலி எழுப்பும். நான்கடித் தொட்டியில் ஐந்தாறு நாட்டுக் கெளுத்திகளை மணல்தளமும் மரவேரும் பனைமட்டை ஒதுங்கிடமும் அமைத்து நலமாக வளர்க்கலாம். விரல்நீளத்துக்குக் குறைந்த மீன்களை மட்டும் உடன் விடக்கூடாது. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பக ஓடைகளில் பிடிப்பது சட்டப்படி குற்றம். குளம் அழிந்து மீன்பாசி பிடிக்கும் மாதங்களில் குத்தகைதாரரிடமே கேட்டு வாங்கலாம். வலையில் அடிபட்ட மீன்களை ஒதுக்கிவிட்டு, மீசை முறியாத, தோல் வழவழப்பாக உள்ளவற்றைத் தேர்ந்து, குளத்து நீரோடே கொண்டுவந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கி, இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு சேர்க்க வேண்டும். முதல் சில இரவுகளில் அவை இரையெடுக்காமல் இருக்கும், விளக்கை அணைத்துவிட்டு மண்புழுத் துண்டு போட்டால் பழகிக்கொள்ளும்.